வார்டில் என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார்கள்

உங்களுக்கெல்லாம் வீட்டில் அடுப்பு இல்லையா, துவைக்கத் துணி இல்லையா? ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் போதும், ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்துவிடுகிறீர்கள். என்ன வியாதி, எங்கே வலி, டாக்டர் என்ன சொன்னார், ஊசி எந்தப் பக்கம் போட்டார்கள். ஊசி போட்ட பக்கத்தைக் காட்டவா? கொண்டுவந்த பழத்தில் பாதியை நீங்களே உரித்துத் தின்றுவிட்டு, தோலை என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறீர்கள். இதற்குப் பெயர் நலம் விசாரிப்பு.

சரி, கேட்டுவிட்டீர்கள். இப்போது என் தலை கொஞ்சம் தெளிந்திருக்கிற காலம். இது எவ்வளவு நாள் நிற்கும் என்று டாக்டருக்கே தெரியாது. அதனால் நானே ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஆளுக்கொரு கதை கட்டக்கூடாது.

என் பெயர் பாக்கியம். ஆயர் ஈத்தாமில் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் மலர், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறாள்; தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் மூன்றாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளிக்குப் போனேன். மீதிப் படிப்பையெல்லாம் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் மேசை துடைத்துப் படித்தேன். வாய் மட்டும் பெரிய பரீட்சை பாஸ் பண்ணின வாய்.

வியாதி எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. அது செருப்பை வெளியே கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்தது. முதலில் போனது பெயர்கள். ஆனால் பாருங்கள், நம் ஆட்களிடம் ஒருத்தர் பெயரும் தெரியாமல் ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம். மீன் விற்கிறவன் தம்பி. பஸ் ஓட்டுகிறவர் அண்ணே. லிப்டில் வருகிறவள் வயசைப் பார்த்து அக்கா, இல்லாவிட்டால் பாப்பா. யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது. மரியாதையான பொம்பளை என்று பெயர்கூடக் கிடைக்கும். மலரின் மகன் வந்திருந்தபோது ஒரு தீபாவளி முழுக்க அவனை ராசா, ராசா என்று கூப்பிட்டே முடித்தேன். பாட்டிக்கு என் மேல்தான் உயிர் என்று அவன் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தான். பாவம். பெயர் வந்திருந்தால் பெயரைச் சொல்லித்தானே திட்டியிருப்பேன்.

பெயருக்குப் பின்னால் மற்றதும் போக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு லெட்சுமி ஒருநாள் வந்து என் பானையைத் திறந்து பார்த்தாள்.

"என்னாக்கா, வெறும் தண்ணி கொதிக்குது. அரிசி எங்க?"

"டயட்டுலா. சோத்த மனசுல நெனச்சிக்கிட்டே தண்ணியக் குடிச்சா ஒடம்பு எளைக்குமாம்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று சாயங்காலம் அந்த மாடி முழுக்க அது கதையாகிவிட்டது. இன்னொரு நாள் டவுனிலிருந்து பஸ் ஏறி, என் நிறுத்தம் வந்தும் இறங்காமல் கடைசி வரை போய்விட்டேன். மலர் போன் அடித்தாள்.

"எங்கம்மா இருக்க?"

"ஊர் சுத்திப் பாக்க வந்தேன். கெழவிக்கு டிக்கெட்டு சல்லிசுதானே."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவள் போனை வைத்தாள். என் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நான் அந்த நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பார்த்தேன். கேட்டால் சொல்லியிருப்பார்கள். ஆனால் நான் வாயைத் திறந்தால் வேடிக்கைப் பேச்சுத்தான் வரும். நிஜமாகவே தெரியவில்லை என்று சொல்ல எனக்குப் பழக்கம் இல்லை. கடைசியில் அதே பஸ் திரும்பிப் போனபோது ஏறிக்கொண்டேன். டிரைவர் அண்ணன், எந்த ஊர் ராணி, இறங்க மனசில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அப்புறம்தான் விழுந்தேன். ஆயர் ஈத்தாம் பாசாரில், கீரைக்கடை முன்னால், கண் இருட்டியது. கண் திறந்தபோது தள்ளுவண்டிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மேலே விளக்குகள் ஓடுவதைப் பார்த்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் உப்பு இறங்கிப் போயிருக்கிறது, பிரஷருக்குச் சாப்பிட்ட மாத்திரைதான் இறக்கிவிட்டது என்றார்கள். உப்பு ஏற ஏறத் தெளிந்துவிடும், சில நாள் வார்டில் இருக்க வேண்டும்.

மலர் ஷிப்ட் முடித்த கையோடு, யூனிபாரம் கூட மாற்றாமல் வந்து நின்றாள். பாலத்தில் வண்டி நெரிசலாம். என் காலைத் தடவிக்கொண்டே திட்டினாள்.

"இன்னொரு தடவ இந்த மாதிரி ஆச்சுன்னா அவ்வளவுதாம்மா. வீட்ட பூட்டிட்டு என்னோட வந்துடணும். நான் சொல்லிட்டேன்."

அதுதான் எனக்குப் பயம். அவள் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பகலில் அவள் தூங்குவாள், இல்லை வேலைக்குப் போயிருப்பாள். மாப்பிள்ளை கெடாவில் லாரி ஓட்டுகிறார். பேரன் படிக்கிற இடத்தில். கேட்டைப் பூட்டிக்கொண்டு, தெரு முழுக்கப் பூட்டின கேட்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் ஒரு வேடிக்கை சொன்னால் கேட்பதற்கு மின்விசிறிதான் இருக்கும். என் பிளாட்டில் ஒரு தும்மல் போட்டால் நாலு வீடு கேட்கும்.

அதனால் வார்டில் நான் வாயை இன்னும் கூர்மையாக வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் ஒரு சின்னப் பெண் டாக்டர் வந்தாள், நம் தமிழ்ப் பிள்ளை. பெயர் சொன்னாள், நிற்கவில்லை. டாக்டரம்மா என்று வைத்துக்கொண்டேன். வயசானவர்கள் விழுந்தால் நினைவையும் சோதித்துப் பார்ப்பார்களாம்.

"பாட்டி, இன்னைக்கு என்னா கெழம?"

"ஏம்மா, உனக்கு எப்ப லீவுன்னு எண்ணிக்கிட்டு இருக்கியா?"

"சரி, ஒரு கடிகாரம் வரைஞ்சு காட்டுங்க."

ஒரு வட்டம் போட்டேன். உள்ளே என்ன வரும் என்று தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்து, "பேட்டரி முடிஞ்சு போச்சு" என்றேன்.

"மொதல்ல மூணு வார்த்த சொன்னேனே, ஞாபகம் வச்சிக்கச் சொல்லி. அதைத் திருப்பிச் சொல்லுங்க."

"உன்கிட்டதானே பத்திரமா குடுத்து வச்சேன். அதுக்குள்ள தொலச்சிட்டியா?"

டாக்டரம்மா சிரித்தாள், நர்ஸ் மிஸ்ஸி சிரித்தாள், பக்கத்துக் கட்டிலில் இருந்த மாக்சிக், அந்த மலாய்க்காரப் பெரியம்மாவும் பாஷை புரியாமலே சிரித்தார். பிறகு டாக்டரம்மா கேட்டாள்: "ஒங்க வீட்டுக்காரர் பேரு என்னா பாட்டி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மிஸ்ஸி நம் ஆள். "டாக்டர், அந்தக் காலத்து ஆளுங்க புருஷன் பேரச் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

"ஐயோ, ஆமால்ல. எங்க அம்மாச்சியும் அப்படித்தான்."

மலர் பக்கத்தில் நின்றாள். "கோவிந்தன், டாக்டர்" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்து இன்னும் ஒரு சிரிப்பு சிரித்தார்கள். புதுப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி.

இப்போது கோவிந்தன் என்று நான் சொல்கிறேனே, இதுவும் மலரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொல்வதுதான். அன்று அவள் சொன்னபோது, யாரோ ஒருத்தருடைய பெயர் என்றுதான் என் காதில் விழுந்தது.

சோதனையில் மார்க் குறைவு. ஆனால் படிப்பு இல்லாதவர்களுக்குக் குறைவாகத்தான் வரும், பேச்செல்லாம் கணக்காக இருக்கிறது, வயசுக்கு இது சரிதான் என்று டாக்டரம்மா மலரிடம் சொன்னாள். உப்பு ஏறினதும் வீட்டுக்குப் போகலாம். மலர் பெருமூச்சு விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன்.

பார்வையாளர் நேரத்தில் மாக்சிக்கின் கட்டிலைச் சுற்றி ஒரு கல்யாணக் கூட்டம். மகன், மருமகள், அக்கா, அக்காவின் சம்பந்தி, பாயில் உட்கார்ந்து சோறு பிரிக்கிற குழந்தைகள். மலர் தூங்கி எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்று போயிருந்தாள். மாக்சிக் எனக்கும் ஒரு பொட்டலம் அனுப்பினார். உன் ஆட்கள் எங்கே என்று மலாயில் கேட்டார். ரோட்டில் வண்டி நிறுத்த இடம் இல்லையாம், சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தன் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, காலையில் மலர் சொன்ன பெயரைத் தேடினேன். அவர் சட்டை ஞாபகம் இருந்தது, துறைமுகத்து வேலை முடிந்து வரும்போது அதில் அடிக்கிற எண்ணெய் வாடை ஞாபகம் இருந்தது. சாப்பிடும்போது மிளகாயை ஓரமாக அடுக்கி வைப்பது ஞாபகம் இருந்தது. பெயர் இல்லை. தெரிந்த ஆண்பிள்ளைப் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேல் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் அளவு சரியில்லை.

என் வாழ்க்கையில் நான் சொன்ன வேடிக்கையிலேயே பெரிய வேடிக்கை இது. தலையைக் குனிந்தேன், அவ்வளவுதான்; ஒரு டாக்டர், ஒரு மிஸ்ஸி, பெற்ற மகள், எல்லாரையும் ஏமாற்றிவிட்டேன். இப்படியே வீட்டுக்குப் போகலாம். போய், ஒவ்வொன்றாகத் தொலைத்துக்கொண்டு, மற்றவர்கள் சிரிக்கச் சிரிக்க, நான் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். கடைசியில் மலரின் பெயரும் போகும். அவளை எப்படியும் பாப்பா என்று கூப்பிட்டுச் சமாளித்துவிடுவேன். அவளும் சந்தோஷப்படுவாள்.

அதை நினைத்ததும் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தேன். சாயங்காலம் டாக்டரம்மா மறுபடி சுற்றி வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"காலையில எங்க வீட்டுக்காரர் பேரு கேட்டியேம்மா."

"ஆமா பாட்டி. வெக்கப்பட்டீங்களே."

"வெக்கமில்ல. எனக்கு அந்தப் பேரு தெரியல."

அவள் சிரித்தாள். "பாட்டி, ஒங்ககிட்ட ஒரு வார்த்த பேச முடியாது."

"நான் வெளையாடல."

"மக சொன்னாங்களே, அப்ப கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். சாப்பாட்டுத் தட்டு வந்துச்சு. தட்டு போறப்ப அந்தப் பேரும் போயிருச்சு."

அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "நீங்க வாயால சொன்னதே இல்லையே பாட்டி. அதனால வராம இருக்கலாம்ல?"

"வாயால சொன்னதில்ல. மனசுக்குள்ள சொல்லாத நாளு கெடையாது. கோயில்ல அர்ச்சனைக்கு ஐயர் பேரு கேட்டா, மலர விட்டுச் சொல்லச் சொல்வேன். அவ சொல்றப்ப நான் உள்ள சொல்லிக்குவேன். இப்ப உள்ளயும் இல்ல."

டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டு, கட்டிலில் என் காலடியில் உட்கார்ந்தாள். காலையில் கேட்ட எல்லாவற்றையும் மறுபடி கேட்டாள். இந்தத் தடவை தெரியாததற்கெல்லாம் தெரியாது என்றேன். தெரியாது என்பது எவ்வளவு சின்ன வார்த்தை.

அப்புறம் ஒரு மெஷினுக்குள் என்னைத் தள்ளி, ரொட்டியைத் துண்டு போடுகிற மாதிரி மூளையைத் துண்டு துண்டாகப் படம் எடுத்தார்கள். வேறு காரணம் ஏதாவது உண்டா என்று தைராய்டு, வைட்டமின் எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் டாக்டரம்மா மலரையும் என்னையும் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துச் சொன்னாள். நினைவைச் சேர்த்து வைக்கிற இடம் வற்றிப் போயிருக்கிறது. இது அல்சைமர் என்கிற மறதி நோயாகத்தான் தெரிகிறது.

"மூளையில ஒரு செல்லுலேர்ந்து இன்னொரு செல்லுக்குச் சேதி கொண்டு போக ஒரு ரசாயனம் இருக்கு பாட்டி. சேதி போய்ச் சேர்ந்ததும் அதைச் சுத்தம் பண்ண ஒரு நொதி வரும். என்சைம்னு சொல்வாங்க. ஒங்களுக்கு அந்த ரசாயனமே கொறைஞ்சு போச்சு. ஆனா சுத்தம் பண்றது மட்டும் தன் வேலையச் செஞ்சிக்கிட்டே இருக்கு."

அந்த ரசாயனத்துக்கும் நொதிக்கும் ரயில் நீளத்தில் பெயர் சொன்னாள். என்னிடம் கேட்காதீர்கள், பெயர் நிற்காமல்தானே அங்கே போனேன். ஆனால் விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்த என்சைமு நான்தாம்மா" என்றேன்.

"அம்மா" என்று மலர் அதட்டினாள்.

"இரு, வெளையாட்டு இல்ல. கேண்டீன்ல என் வேல அதுதானே. ஆளு எந்திரிச்சதும் மேசையத் தொடைக்கணும், இல்லாட்டி அடுத்தவன் உக்கார முடியாது. தட்டு நெறைய சோறு இருந்த நாளெல்லாம் நான் சுருக்கா எடுத்தாலும் ஒருத்தனும் பட்டினி இல்ல. சோறு கம்மியா வந்த நாள்ல, அவன் ரெண்டு வாய் அள்றதுக்குள்ள நான் தட்ட எடுத்துருவேன். தப்பு என்மேல இல்ல. எனக்குச் சொன்ன வேல அது."

டாக்டரம்மா என்னையே பார்த்தாள். "அதேதான் பாட்டி. நான் குடுக்கப் போற மாத்திரை, அந்த மேசை தொடைக்கிறவங்களக் கொஞ்சம் பொறுன்னு சொல்லும். இருக்கற சோறு கொஞ்ச நேரம் மேசையில இருக்கும்."

"சோறு ஆக்கறவன் கத என்னா?"

"அந்தச் செல்லுங்க செத்துக்கிட்டு வருது பாட்டி. மாத்திரை அதைத் தடுக்காது. கொஞ்ச காலத்துக்கு நீங்க இப்ப இருக்கற மாதிரியே இருக்கலாம். அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது."

இன்னொரு நொதியைப் பற்றியும் சொன்னாள். அது கத்தரிக்கோல் மாதிரியாம். மூளையில் இருக்கிற ஒரு புரதத்தை வெட்டும். அந்த வெட்டில் விழுகிற துண்டுகள் ஒட்டிக்கொண்டு செல்களுக்கு நடுவில் குப்பையாகச் சேர்கிறதாம். அந்தக் கத்தரியைப் பிடுங்கிவிடலாமே என்றேன். பிடுங்கிப் பார்த்தார்களாம், அது வேறு நல்ல வேலையும் செய்துகொண்டிருந்ததால் ஆட்களுக்கு மறதி குறையவில்லை, சிலருக்கு மோசமாகப் போனதாம். விட்டுவிட்டார்கள். எங்கள் கேண்டீன் முதலாளியும் இப்படித்தான் ஒருத்தனை வேலையை விட்டு நிறுத்தினார். மறுநாள்தான் தெரிந்தது, அவனுக்கு மட்டுமே அந்த அடுப்பு பற்ற வைக்கத் தெரியும் என்று.

மாத்திரை உடனே கொடுக்கவில்லை. அது நெஞ்சுத் துடிப்பை மெதுவாக்குமாம்; நான் ஏற்கெனவே மயங்கி விழுந்தவள். அதனால் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, துடிப்பு கோடு கோடாக ஓடுவதைப் பார்த்து, சரி என்ற பிறகு சின்ன அளவில் ஆரம்பித்தார்கள். முதல் நாட்களில் வயிற்றைப் புரட்டியது. தூங்கினால் கனவு, டிவி மாதிரி கலர் கலராக. ஒரு மத்தியானத் தூக்கத்தில் என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் பெர்ரித் துறையில் நடந்து போகிறார். கூப்பிட வேண்டும். என்னிடம் பெயர் இல்லை. "இந்தாங்க" என்றேன். திரும்பிப் பார்த்தார். உயிரோடு இருந்த காலத்திலும் அப்படித்தானே திரும்புவார். விழித்தபோது பக்கத்துக் கட்டில் காலி. மாக்சிக் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என் மேசையில் ஒரு டப்பா பிஸ்கட் வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்று முழுக்க அந்த வெள்ளை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கூட்டத்துச் சத்தம் எனக்குத் தேவையாக இருந்தது.

நோயைச் சொன்ன அன்று மலர் அந்தச் சின்ன அறையிலிருந்து வெளியே நடைபாதைக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

"அப்பா பேரையாம்மா மறந்த?"

"ம்."

"எத்தன நாளா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா."

நடைபாதைப் பெஞ்சிலிருந்து எழுந்து போனாள். நேரம் கழித்து, கண்ணெல்லாம் கழுவிக்கொண்டு, ஒரு மைலோ பாக்கெட்டில் குழாயைக் குத்தி என் கையில் கொடுத்தாள். நான் இவளுக்கு இப்படிக் குத்திக் கொடுத்தது போய் இவள் எனக்குக் குத்துகிறாள். "சாமான எடுத்துக்கலாம்மா. என் வீட்டுக்கு வந்துரு" என்றாள். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நான் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்.

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். மலர் டாக்டரம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள், என்னைச் சம்மதிக்க வைக்க. டாக்டரம்மா இரண்டு பக்கமும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "இப்போதைக்கு அவங்க தனியா சமாளிக்கலாம். பழகின எடம் அவங்களுக்கு நல்லதுகூட. ஆனா அக்கம்பக்கத்துல யாருக்காவது உண்மை தெரிஞ்சிருக்கணும். யாருக்கும் தெரியாதுன்னா, நான் மக பக்கம்தான் பேசுவேன் பாட்டி."

"லெட்சுமிகிட்ட நான் சொல்லவா?" என்று கேட்டாள் மலர்.

"நானே சொல்றேன்."

"நீ சொன்னா யாரும்மா நம்புவாங்க?"

அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில் எங்களை நோகடிக்கவில்லை. மாத்திரையை இரவிலிருந்து காலைக்கு மாற்றினார்கள், கனவு குறைந்தது. சாவியைத் தேடுகிறேன், ஆனால் எதைத் தேடுகிறேன் என்பது ஞாபகம் இருக்கிறது, இதுதான் முன்னேற்றம். மலர் தினமும் வேலைக்கு இறங்கும் முன் போன் அடிக்கிறாள். அப்பா பேர் சொல்லு என்று சோதனை வைப்பதில்லை. "கோவிந்தன் பொண்டாட்டி இன்னைக்கு என்னா சமச்சா?" என்று கேட்கிறாள். நான் மீன் என்கிறேன், முருங்கைக்கீரை என்கிறேன். அந்தப் பெயர் என் காதுக்குள் வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறது. இவ்வளவு நைசாக ஒரு காரியம் செய்ய இவள் யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் லெட்சுமியும் எதிர் வீட்டு மணியமும் வாசலில் வந்து நின்றார்கள். நான் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்தேன்.

"என்னாக்கா, ஆஸ்பத்திரியில என்னா சொன்னாங்க?" என்றார் மணியம்.

"மறதி நோயாம். புருஷன் பேரே எனக்கு மறந்து போச்சு."

மணியம் தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்லா இருந்தப்ப மட்டும் சொல்லிக் கிழிச்சீங்களா?" லெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் வாய் துறுதுறுத்தது. அதற்கு மேல் ஒன்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். நான் சிரிக்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைச் சிரிக்காமல் அவர்கள் பார்த்ததில்லை. முதலில் லெட்சுமி நிறுத்தினாள், அப்புறம் மணியம்.

"அக்கா, மெய்யாவா?" என்றாள் லெட்சுமி.

"மெய்யா." இடுப்பிலிருந்து வாசல் சாவியின் மாற்றுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். "நான் தெறக்கலன்னா நீயே தெறந்து வா. நான் ஒன்னப் பாத்து யாரு நீன்னு கேப்பேன், ஒரு நாளு. கோவிச்சிக்கிட்டுப் போயிராத லெட்சுமி. உள்ள வந்து உக்காரு."